பட்டினி வாரம்

என் அக்காவின் கணவரைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஆகாயம். இருபத்தொரு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை வரும். அதில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, குனிந்து கீழே பார்க்கக் காலடியில் ஒரு கண்ணாடிப் பலகை. அதுதான் அவருடைய ராஜ்ஜியம். அதற்குக் கீழே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்கு இடம் காட்டுகிறவன் நான். சிக்னல்காரன். அவர் ஆகாயம் என்றால் நான் பாதாளம் என்பார் எங்கள் ஃபோர்மேன்.

எங்கள் பக்கம் இறங்குவது பெரும்பாலும் இரும்புத் தகட்டுச் சுருள். ஒன்று பதினெட்டு டன். உள்ளங்கையை விரித்துக் கீழ்நோக்கி ஆட்டினால் இறக்க வேண்டும், முஷ்டியைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். பதின்மூன்று வருடமாக என் உயிர் என் முஷ்டிக்கும் அவர் கைப்பிடிக்கும் நடுவில்தான் இருந்தது. வீட்டில் இதைச் சொன்னால் அக்கா சிரிப்பாள்.

“உனக்கு எப்பவும் நாடகம்தான்டா. உங்க மாமாவுக்குக் கழுகுக் கண்ணு.”

மாமா சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் வயிறு நிறைந்திருந்தால் படி ஏற மூச்சு வாங்கும் என்று வெறும் டீயோடு வருவார், மூன்று கரண்டி சர்க்கரை போட்டு. மேலே போனால் தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் இறங்க வேண்டும்; இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு மறுபடி ஏறுவதற்குள் கப்பல்காரன் கடிகாரத்தைக் காட்டுவான். வேலை நேரத்தில் ஒருநாளும் நடுவில் இறங்காதவர் என்பதில் மாமாவுக்கு அப்படி ஒரு பெருமை. எட்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்காருவார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவருக்குப் பாத்திரத்தில் இருந்ததெல்லாம் பறக்கும். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிடுவார். நாற்பத்தொன்பது வயதில் அவர் சட்டைப் பொத்தான்கள் வயிற்றிடம் மன்றாடிக்கொண்டிருந்தன. கூடவே சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது. வெளியில் ஒரு டாக்டரிடம் ரகசியமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

ரகசியம் எதற்கென்றால் மெடிக்கலுக்குப் பயந்துதான். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை துறைமுக மருத்துவ அறையில் பரிசோதனை நடக்கும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண். தேறினால் தகுதிச் சீட்டு. தேறாவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள். மாமாவுக்கு முன்னால் அந்தக் கிரேனை ஓட்டியவரை அப்படித்தான் இறக்கினார்கள். ஓய்வு பெறும்வரை வாயிலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதினார். புலி என்று அவரைக் கூப்பிட்ட அதே வாய்கள் ஒரே மாதத்தில் ‘என்ன பெரியவரே’ என்று கூப்பிட ஆரம்பித்தன. மாமா அதைக் கண்ணால் பார்த்தவர். சாவதற்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரிசோதனைக்கு முந்தைய ஏழு நாளும் ஆறு கிரேன்காரர்களும் பட்டினி கிடப்பார்கள். அதற்குப் பட்டினி வாரம் என்று பெயர். ஒருவர் எலுமிச்சைத் தண்ணீரிலேயே உயிர் வாழ்வார். ஒருவர் உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிடங்கைச் சுற்றி ஓடுவார்; வியர்த்தால் எடை குறையுமாம். மாமா கறுப்பு டீ மட்டும். யாராவது எதிரில் ஒரு வாழைப்பழத்தை உரித்தால் அடிதடியாகிவிடும். சீட்டு கைக்கு வந்ததும் ஆறு பேரும் நேரே எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். ஏழு நாள் விட்டதை ஒரே உட்காரலில் பிடித்துவிட்டு, இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு திரும்புவார்கள். ஒரு வாரம் ஒழுங்காக இருந்ததற்கு ஒரு வருட நற்சான்று. நானும் கூட நின்று சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்த வருடம் புதிதாக வந்த டாக்டர் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். இனிமேல் அன்றைய சர்க்கரையைப் பார்க்கமாட்டார்களாம். கடந்த மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம், அதைத்தான் எடுப்பார்களாம். ஆறு பேரும் சாவுச் செய்தி படிப்பதுபோல் அதைப் படித்தார்கள். பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மாமா ஒரு கணக்குப் போட்டார். இருபது வருடம் பட்டினி வாரம் கொண்டாடியவருக்குத்தான் அப்படி ஒரு கணக்கு வரும்.

“ஒரு நாள் சர்க்கரைக்கு ஒரு வாரம் பட்டினி போதும்னா, மூணு மாசச் சர்க்கரைக்கு ஒரு மாசம் கிடந்தாப் போச்சு. அவ்வளவுதானே மாப்ள? வாயைக் கட்டினா ஆச்சு.”

“ஒரு மாசம் தாங்குமா மாமா?”

“மேல உக்காந்து கைப்பிடியைத் தள்றதுக்கு என்ன பெரிய பலம் வேணும்?”

நான் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

முதல் வாரம் வழக்கம்போல் போயிற்று. இரண்டாம் வாரம் அக்கா போன் செய்தாள்.

“டேய், உங்க மாமா ரெண்டு வெள்ளரிக்காயைக் கடிச்சுட்டுப் படுத்துடறாருடா. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. நேத்து தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட குரல் உசத்தினதில்ல.”

“ஒரு மாசம்தானேக்கா. பல்லைக் கடிச்சுக்கோ.”

“நான் எதுக்குடா பல்லைக் கடிக்கணும்? கடிக்க வேண்டியவர் சோத்தைக் கடிச்சாப் போதாதா?”

சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஒரு மாத்திரை போட வேண்டிய இடத்தில் அவர் இரண்டு போட்டுக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. சர்க்கரை சீக்கிரம் இறங்கட்டும் என்று அப்படிச் செய்தாராம். வெறும் வயிற்றில்.

மூன்றாம் வாரம் அவர் படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். வேலை நேரத்தில் வாக்கி-டாக்கியில் அவர் குரல் அடிக்கடி கேட்டது. “பேசு மாப்ள, பேசிக்கிட்டே இரு.” இது புதிதல்ல. ஓரிரண்டு வருடமாகவே மத்தியானத்துக்கு மேல் அப்படிக் கேட்பார். நானும் கையைக் காட்டிக்கொண்டே வாயாலும் சொல்லிக்கொண்டிருப்பேன், இன்னும் நாலடி, ரெண்டடி, ஒண்ணு, போதும் என்று. அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குப் பேச்சுத் துணை வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள், பிற்பகல் மூன்று மணி. என் வாக்கி சார்ஜ் தீர்ந்து செத்துப்போயிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கை இருக்கிறதே. சுருள் எனக்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் வந்து நின்றது. அதை வைக்க வேண்டிய மரக்கட்டை கோணலாகக் கிடந்தது. முஷ்டியைத் தூக்கி நன்றாகக் காட்டிவிட்டு, கட்டையைக் காலால் தள்ளி நேராக்கினேன்.

நிழல் பெரிதாவதைத்தான் முதலில் பார்த்தேன். பின்பக்கமாக விழுந்தேன். பதினெட்டு டன்னும் வந்து உட்கார்ந்தது. மரக்கட்டை தீக்குச்சி மாதிரி நொறுங்கித் தெறித்தது. என் பூட்ஸ் முனைக்கும் சுருளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் ஓடி வந்தவர்கள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தால் மாமா வியர்வையில் குளித்துப்போய் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் தடதடவென்று நடுங்கின. உதடு வெளுத்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“வச்சாச்சா மாப்ள?”

அடிக்க ஏறியவன் சட்டைப்பையில் கிடந்த மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் திணித்தேன். சிறிது நேரத்தில் ஆளுக்கு உயிர் வந்தது. நடந்தது என்ன என்று நான் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

ஃபோர்மேன் தன் அறைக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், அதுதான் வம்பு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“யாருக்கும் அடிபடல. கம்பிவடம் வழுக்கிச்சுன்னு எழுதிடவா?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு ‘ம்’ போட்டால் போதும், மறுநாள் காலை அவர் மேலே போய்விடுவார்.

“வடம் வழுக்கல சார். இவரு பத்தொன்பது நாளாச் சாப்பிடல. சர்க்கரைக்கு மாத்திரை வேற போடறாரு. மேல மயங்கி உக்காந்திருந்தாரு.”

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கோபத்தில் சொன்னேன். ‘வச்சாச்சா’ என்ற அந்த ஒரு வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. சொல்லி முடித்தபின் மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“அவரைக் கீழ இறக்கினா அவரு என்ன ஆவாருன்னு உனக்குத் தெரியும்ல? கூடப் பிறந்தவன் செய்யற வேலையாடா இது?”

“நான் செத்திருப்பேன்க்கா.”

“சாகலையே!”

சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

மாமாவைக் கருவி அறையில் போட்டார்கள். கம்பிவடம், கொக்கி, சங்கிலி எல்லாம் கொடுத்து வாங்கும் இடம். மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் நிரந்தரமாகக் கீழேதான். தினம் காலையில் நான் அவரிடம் போய்த்தான் கம்பிவடம் வாங்க வேண்டும். எடுத்து வைப்பார், கையெழுத்துப் புத்தகத்தை என் பக்கம் தள்ளுவார். ஒரு வார்த்தை கிடையாது.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நாய் வாலை யார் நிமிர்த்துவது? யாரோ கொடுத்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கருவி அறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி மட்டுமே சாப்பிட ஆரம்பித்தார். உப்பில்லாமல் அவித்த காய், தோல் சீவிய ஏதோ ஒன்று, காலையில் பச்சையாக ஒரு சாறு. பட்டினிக்கு முகமூடி போட்டால் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில் என் பூட்ஸ் கடித்துக் கால் புண்ணாகி, கட்டுப் போட மருத்துவ அறைக்குப் போயிருந்தேன். நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது. ஒட்டுக் கேட்பது தப்பு என்று தெரியும். நன்றாகவே கேட்டேன்.

நர்ஸம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையில் ஊசி இருப்பதால் எல்லோருக்கும் அம்மா.

“என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டாள்.

“எல்லாத்தையும் விட்டுட்டேன் நர்ஸம்மா. இந்த லிஸ்டுல இருக்கறதைத் தவிர ஒண்ணும் தொடறதில்ல.” குரலில் பழைய பெருமை.

“எத்தனை நாளா?”

“எட்டு நாளா.”

“ஒன்பதாவது நாள்?”

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. கடைசியில் மாமா மெல்லிய குரலில் சொன்னார். “நேத்துதான் ஒன்பது. வீட்டுல அவ வெளிய போயிருந்தா. அடுப்பு மேல இருந்த மொத்தத்தையும் நின்னுக்கிட்டே வழிச்சுத் தின்னுட்டேன். அவ திரும்பி வந்தப்ப பாத்திரத்தைக் கழுவிக்கிட்டிருந்தேன். திருடன் மாதிரி.”

நர்ஸம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“இந்த லிஸ்டுல இருக்கறதை அறுபது வயசுலயும் சாப்பிடுவீங்களா?”

“அய்யோ!”

“அப்ப இன்னைக்கும் வேணாம். கிழிச்சுப் போடுங்க. காலையில ஏதாவது சாப்பிட்டுட்டு வேலைக்கு வாங்க. மாத்திரை ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டோட. இந்த மாசம் அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” மாமாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. “பதினெட்டு டன் தூக்கறவன்மா நான். ஏதாவது பெருசாச் சொல்லுங்க.”

“முதல்ல இதைச் செஞ்சுட்டு வந்து சொல்லுங்க.”

மறுநாள் சுவரில் பட்டியல் இல்லை. ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கதையாகச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தார். காலையில் தின்றதால் மாலையில் பாத்திரத்தோடு மல்யுத்தம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியம் என்று பின்னால் அக்கா சொன்னாள். இரண்டாம் மாதம் மத்தியானச் சாப்பாடு. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி. டீயில் மூன்று கரண்டி இரண்டாகி, வெகுநாள் அங்கேயே நின்று, ஒன்றானது. பிடித்ததைச் சாப்பிட்டார், அளவு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் மாதம், சாப்பிட்ட கையோடு சாயாமல் அக்காவோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். சில நாள் எல்லாம் கெட்டது. ஒரு கல்யாண வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, முன்பெல்லாம் செய்வதுபோல் மறுநாள் பட்டினி கிடக்கப் பார்த்திருக்கிறார். அக்கா தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறாள். “நேத்துத் தின்னதுக்கு இன்னைக்குத் தண்டனை கிடையாது. சாப்பிடுங்க.”

இதையெல்லாம் நான் தூரத்திலிருந்துதான் அறிந்தேன். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. வேறொரு கிரேன்காரர் மேலே இருந்தார். முஷ்டியைத் தூக்கினால் சுருள் நிற்கும், கையை ஆட்டினால் இறங்கும், பேசச் சொல்லிக் கேட்கமாட்டார். நிம்மதியாக இருக்க வேண்டியவன் தூங்காமல் புரண்டேன். மாமா தேறாவிட்டால் என் அக்கா முகத்தில் நான் இனி முழிக்க முடியாது. தேறிவிட்டால் அவருக்குக் கீழே நான் மறுபடி நிற்க வேண்டும். எது வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

தேறிவிட்டார். எடை மூன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. ஏழே நாளில் ஐந்து கிலோ இறக்கிக் காட்டியவர், கூச்சத்தோடு எடைக்கருவியிலிருந்து இறங்கினார். ஆனால் மூன்று மாதச் சராசரி டாக்டர் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணும் சரி. மத்தியானம் கட்டாயம் கீழே இறங்கிச் சாப்பிட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் காலை. மாமா என்னைக் கடந்து ஏறிப் போனார். நான் என் இடத்தில் நின்றேன். முதல் சுருள் வருவதற்கு முன்னால் வாக்கி கரகரத்தது.

“மாப்ள.”

மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. “சொல்லுங்க மாமா.”

“என்ன, இன்னைக்குச் சவரம் பண்ணலையா?”

தாடையைத் தடவிப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். மனுஷன் ராசியாகிவிட்டார் என்று நெஞ்சு நிறைந்தது. சுருள் அழகாக வந்து உட்கார்ந்தது. இரண்டாவதற்குக் கை காட்டும்போதுதான் சிரிப்பு நின்றது. எத்தனையோ நாள் நான் சவரம் செய்யாமல் வந்திருக்கிறேன். ஒருமுறை கன்னத்தில் கட்டோடுகூட நின்றிருக்கிறேன். இந்த ஓரிரண்டு வருடத்தில் அவர் அங்கிருந்து என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மத்தியானம் இறங்கி வந்து, கிரேன் காலடியில் டப்பாவைத் திறந்தார். எதிரில் போய் நின்றேன்.

“எவ்வளவு நாளாத் தெரியல மாமா?”

“எது?”

“என் மூஞ்சி.”

வாயில் வைத்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கினார்.

“ரெண்டு வருஷம் இருக்கும். எல்லா நாளும் இல்ல. மத்தியானத்துக்கு மேலதான். மஞ்சளா ஒண்ணு நிக்கும், அது நீன்னு தெரியும். கை தூக்கினதும் தெரியும். விரிச்ச கையா மூடின கையான்னு தெரியாது. அதான் பேசச் சொன்னேன்.”

“கண்ணு டெஸ்ட்ல எப்படித் தேறினீங்க?”

“அந்த வாரம் மட்டும் கொஞ்சம் தெளிவாத் தெரியும். சர்க்கரை இறங்கியிருக்கும்ல. மத்தபடி வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்கு மேல போய்க் குனிஞ்சு பாத்தேன். உன் தாடில நரை தெரியுதுடா. அப்பதான் எனக்கே தெரிஞ்சது, இத்தனை நாள் நான் எப்படி ஓட்டியிருக்கேன்னு.”

கத்தினேன். சுற்றி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்க்கவில்லை. “சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா இறக்கிடுவாங்க.”

“சொல்லாம இருந்தா நான் செத்துடுவேன்!”

“தெரியும்” என்றார்.

அந்தத் ‘தெரியும்’ எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பட்டினியால் மயங்கினார் என்றால் மன்னிக்கலாம். தெரிந்தே பதினெட்டு டன்னை என் பக்கத்தில் குருட்டாம்போக்கில் இறக்கிக்கொண்டிருந்தவரை என்ன செய்வது? அக்காவின் கணவர். என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் டப்பாவை மூடவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

“நாளைக்கு நீ கீழ நிக்கறியா? இல்ல, வேற ஆளைக் கேக்கட்டுமா?” என்றார் கடைசியில்.

“நிக்கறேன். ஆனா தெரியாத அன்னைக்குச் சொல்லணும். வாக்கில, எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

தலையாட்டினார். நான் நம்பவில்லை. முன்பு நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நிற்க ஆரம்பித்தேன். அதை அவர் பார்த்திருப்பார். இப்போதுதான் எல்லாம் தெரிகிறதே. அக்கா பழையபடி வீட்டுக்குக் கூப்பிட்டாள், போனேன். நான் சாப்பிட்டு முடிக்கும் முன்பே இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் காலையில் அந்த இரண்டடியை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஏழு வாரம் கழித்து மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று வந்துவிட்டார். மத்தியானம் இறங்கினார், சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, பாதியில் மூடிவிட்டு ஏறினார். இன்னும் நான்கு சுருள்தான் பாக்கி. கப்பல்காரன் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். சுருள் கப்பலிலிருந்து வெளியே வந்து, பாதி வழியில் நின்றது. நான் உள்ளங்கையை ஆட்டினேன். அது இறங்கவில்லை. மறுபடி ஆட்டினேன்.

துறைமுகத்தில் இருந்த எல்லா வாக்கியிலும் அவர் குரல் கேட்டது.

“ஆகாயம் பேசறேன். எனக்குக் கீழ சரியாத் தெரியல. பிரேக் போட்டு நிறுத்தியிருக்கேன். எல்லாரும் தள்ளிப் போங்க. வேற ஆளை அனுப்புங்க, நான் இறங்கறேன்.”

ஃபோர்மேனின் குரல் இடையில் புகுந்தது. “யோவ், நாலே நாலுதான்யா இருக்கு. மெதுவா இறக்கு, அவன் பேசுவான்!”

“தெரியல சார்” என்றார் மாமா.

வேறு ஆள் ஓடிவந்து ஏறிய பிறகு அவர் இறங்கினார். கப்பல் மேல்தளத்திலும் கரையிலும் வேலை நின்று அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்குப் படி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் இறங்கினார். கீழே நான் நின்றேன். கடைசிப் படியில் கால் தடுமாறியது, தோளைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

“பயந்துட்டேன் மாப்ள” என்றார்.

“திரும்ப இறக்கிடுவாங்கன்னா?”

“அது இல்லடா. கீழ நீ நின்னியே.”

அவரை அணைத்தபடி மருத்துவ அறைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன்.